கார்டு பாயிண்ட்டை மைலாக மாற்றி டிக்கெட் எடுக்கும்போது வரும் மோசடிச் சோதனை: முழுமையான வழிகாட்டி

கிரெடிட் கார்டில் சேர்ந்த ரிவார்டு பாயிண்ட்களை விமான நிறுவனத்தின் மைல்களாக (அந்த நிறுவனத்தின் பரிசுப் புள்ளிகளாக) மாற்றி, அந்த மைல்களைக் கொண்டு டிக்கெட் எடுப்பது இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உள்ள தமிழர்களிடையே இன்று பரவலாகிவிட்டது. எத்தனை பாயிண்ட்டுக்கு எத்தனை மைல், எந்த வழித்தடத்துக்கு எது லாபம் என்பதைப் பற்றியெல்லாம் தமிழில் நிறையவே எழுதப்படுகிறது. ஆனால் மைல்கள் ஏறிய சில நிமிடங்களில் கணக்கு முடங்கிவிடுவதையும், பிஎன்ஆர் என்னும் முன்பதிவு எண் கிடைத்த பின்னும் டிக்கெட் வெளிவராமல் நிற்பதையும், வெளிவந்த டிக்கெட்டே மறுநாள் ரத்தாகிவிடுவதையும் பற்றிப் பேசுவோர் குறைவு. இவை பெரும்பாலும் விமான நிறுவனத்தின் மோசடித் தடுப்புச் சோதனையால் நேர்பவை. அந்தச் சோதனையை நேர்மையான வாடிக்கையாளர் சிக்கலின்றிக் கடந்துசெல்வது எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

தொடங்கும் முன் ஒன்றை உறுதியாக நினைவில் வைக்க வேண்டும். வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்கு மாற்றிய பாயிண்ட்கள் திரும்ப வங்கிக்கு வராது. டிக்கெட் கிடைக்காவிட்டாலும் அவை அந்த நிறுவனத்தின் மைல்களாகவே, அந்த நிறுவனத்தின் காலாவதி விதிக்கு உட்பட்டே இருக்கும். ஆகவே எல்லா ஏற்பாடுகளையும் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் பாயிண்ட்டை மாற்ற வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாயிண்ட்டை முதலில் மாற்றிவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்க்கிறார்கள்.

சோதனை எதைத் தேடுகிறது

ஒருவருடைய வங்கிக் கணக்கிலோ கார்டு செயலியிலோ நுழைந்துவிட்ட திருடனுக்குப் பணத்தை எடுப்பதைவிடப் பாயிண்ட்டை எடுப்பது எளிது. பணம் குறைந்தால் உடனே எஸ்எம்எஸ் வரும். பாயிண்ட் குறைந்ததைப் பலர் மாதக்கணக்கில் கவனிப்பதே இல்லை. திருடியவன் புதிதாக ஒரு மைல் கணக்கைத் திறந்து, பாயிண்ட்டை அதற்கு மாற்றி, இன்றோ நாளையோ புறப்படும் விமானத்தில் வேறொருவர் பெயரில் டிக்கெட் எடுத்து, அதைப் பாதி விலைக்கு விற்றுவிடுவான். உரியவர் விழித்துக்கொள்ளும்போது பயணி இறங்கி வீட்டுக்கே போயிருப்பார்.

விமான நிறுவனங்கள் இதில் பலமுறை அடிபட்டிருக்கின்றன. 2015 மார்ச்சில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் உறுப்பினர்களில் பல்லாயிரம் பேரின் கணக்குகளில் அந்நியர் நுழைந்ததைக் கண்டு அவற்றை முடக்கியது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விமான நிறுவனங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சேவை தரும் சீட்டா (SITA) நிறுவனத்தின் பயணிகள் சேவை அமைப்பு ஊடுருவப்பட்டபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரின் உறுப்பினர்கள் சுமார் 5,80,000 பேரின் உறுப்பினர் விவரமும், ஏர் இந்தியாப் பயணிகள் சுமார் 45 லட்சம் பேரின் விவரமும் கசிந்தன. உறுப்பினர் எண்ணும் பெயரும் இவ்வளவு பேருடையது வெளியே போய்விட்ட பிறகு, அவற்றைச் சரியாகச் சொல்வதால் மட்டுமே ஒருவரை உரியவர் என்று நம்ப முடியாது. எனவே கணக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்க்கிறார்கள்.

கணக்கு புதிது, அதில் ஒரு விமானப் பயணம்கூடப் பதிவாகவில்லை, திடீரென ஒரு பெரும் தொகை மைல் ஏறுகிறது, ஏறிய உடனே முழுவதும் செலவாகிறது, பயணி கணக்கு உரிமையாளர் அல்லர், புறப்பாடு இரண்டே நாளில், மின்னஞ்சல் முகவரி சென்ற வாரம்தான் மாற்றப்பட்டது, உள்நுழைந்தது வேறொரு நாட்டிலிருந்து, டிக்கெட்டுக்கான வரியைக் கட்டிய கார்டு மூன்றாம் நபருடையது. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் தவறில்லை. நான்கைந்து ஒன்றாகச் சேர்ந்தால் எந்த நிறுவனமும் சந்தேகப்படும். அப்பாவியான வாடிக்கையாளரும் அவசரத்தில் இதே வரிசையைத்தான் பின்பற்றுகிறார் என்பதே இதிலுள்ள சங்கடம்.

படி 1: கணக்கை முன்கூட்டியே திறந்து வையுங்கள்

கிரிஸ்ஃப்ளையர், ஏர் பிரான்ஸ் – கேஎல்எம்மின் ஃப்ளையிங் ப்ளூ, பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், எத்திஹாட், ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் என்று உங்கள் கார்டு எவற்றோடெல்லாம் இணைந்திருக்கிறதோ, அவற்றில் நீங்கள் பயன்படுத்தக்கூடிய எல்லாவற்றிலும் இன்றே இலவசக் கணக்கு தொடங்கிவிடலாம். பாயிண்ட் மாற்றும் எண்ணம் அடுத்த ஆண்டுதான் என்றாலும் கணக்கின் வயது அதுவரை ஏறிக்கொண்டிருக்கும். சில திட்டங்கள் வயதை வெளிப்படையான விதியாகவே வைத்திருந்தன. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கும் ஸ்பெயினின் இபீரியாவுக்கும் இடையில் ஏவியோஸை (இரண்டும் பயன்படுத்தும் மைல்) நகர்த்த, இபீரியா கணக்கு 90 நாளாவது பழையதாக இருக்க வேண்டும், அதில் ஏற்கெனவே ஏவியோஸ் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. மற்ற திட்டங்கள் வயதைச் சொல்லாமல் பார்க்கின்றன.

கணக்கு திறந்ததும் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் உறுதிப்படுத்தி, பிறந்த தேதி, முகவரி, பாஸ்போர்ட் விவரம் அனைத்தையும் நிரப்பி, இருகட்ட உறுதிப்பாட்டை இயக்கிவிட வேண்டும். எப்போதாவது அந்த நிறுவனத்திலோ அதன் கூட்டணி நிறுவனத்திலோ காசு கொடுத்துப் பறந்தால் அந்த உறுப்பினர் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். கிடைப்பது சில நூறு மைல்தான் என்றாலும், ஓர் உண்மையான பயணம் பதிவான கணக்கு பிறகு கேள்விக்குள்ளாவது அரிது.

படி 2: பெயரை ஒன்றாக்குங்கள்

தமிழர்களுக்கு மிக அதிகமாகச் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான் உண்டு. கந்தசாமியின் மகன் செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கார்டில் 'கே செந்தில்குமார்' என்று அச்சாகியிருக்கும். பாஸ்போர்ட்டில் கிவன் நேம் என்ற இடத்தில் 'செந்தில்குமார் கந்தசாமி' என்று இருந்து, சர்நேம் என்ற இடம் காலியாக இருக்கும். விமான நிறுவனத்தின் படிவம் சர்நேம் இல்லாமல் நகராது என்பதால் அதில் முதற்பெயர் செந்தில்குமார், கடைசிப் பெயர் கந்தசாமி என்று நிரப்பியிருப்பார். மனிதக் கண்ணுக்கு மூவரும் ஒருவரே. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். அதிலும் வங்கியின் பெயரும் மைல் கணக்கின் பெயரும் பொருந்தாதது, திருடிய பாயிண்ட் வேறொருவர் கணக்குக்குப் போவதன் முதன்மையான அடையாளம்.

பாஸ்போர்ட்டையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் இருந்தாக வேண்டும் என்பதால் மற்றவை அனைத்தும் அதற்கேற்பத் திருந்த வேண்டும். பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. சில நிறுவனங்கள் கிவன் நேமையே இரண்டு இடத்திலும் எழுதச் சொல்கின்றன. சில, முதற்பெயருக்குப் பதிலாக எஃப்என்யூ (FNU, 'முதற்பெயர் இல்லை' என்பதன் சுருக்கம்) என்று இடச் சொல்கின்றன. அந்தந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் பார்த்து, டிக்கெட்டில் எப்படி வருமோ அப்படியே மைல் கணக்கையும் தொடங்குங்கள். பிறகு வங்கியைக் கேட்டுக் கார்டிலும் வங்கிப் பதிவிலும் தலைப்பெழுத்தை விரித்து முழுப்பெயராக மாற்றிக்கொள்ளுங்கள். இந்த மாற்றம் பதிவாகச் சில நாள்களோ வாரங்களோ ஆகலாம். எனவேதான் முன்கூட்டியே செய்யச் சொல்கிறேன்.

வெளிநாடு அடிக்கடி போகிறவர்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே பெயரைப் பிரித்துச் சர்நேம் சேர்த்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒற்றைச் சொல் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுகளுக்கு வருகை விசாவில் அனுமதியில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, விமான நிலையம் வரை வந்து திரும்ப நேரிடுமோ என்று நம்மவர்கள் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். மைல் கணக்கில் வரும் சிக்கலும் அதே வேரிலிருந்து வருவதுதான்.

படி 3: யாருக்கு டிக்கெட் எடுக்கலாம் என்பதை அறிந்து பதிவுசெய்யுங்கள்

மைல் கணக்கு உங்களுடையது என்பதால் யாருக்கு வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்துத் தரலாம் என்று எண்ணக் கூடாது. கிரிஸ்ஃப்ளையரில் உங்களைத் தவிர ஐந்து பேரை மட்டுமே நாமினிகளாகப் பதிவுசெய்ய முடியும்; அவர்களுக்குத்தான் அவார்டு டிக்கெட் (மைலைக் கொண்டு எடுக்கும் டிக்கெட்) எடுக்கலாம். ஜப்பானின் ஏஎன்ஏ இன்னும் கண்டிப்பானது. அங்கே கணவன் அல்லது மனைவிக்கும், இரண்டாம் நிலை வரையிலான உறவினருக்கும் மட்டுமே எடுக்கலாம். பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, உடன்பிறந்தோர் ஆகியோர் இதில் அடங்குவர். மாமனார் மாமியாரும் அடங்குவர். சித்தப்பா, தாய்மாமன், அத்தை ஆகியோர் ஜப்பானியக் கணக்கில் மூன்றாம் நிலை என்பதால் அடங்க மாட்டார்கள். தாய்மாமனைவிட நெருங்கிய உறவு நமக்கு உண்டா என்று தோன்றலாம். ஆனால் விதி அதுதான். மாமாவுக்கு டிக்கெட் எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுப்பதற்கு முன் திட்டத்தின் உறவுப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் பதிவை டிக்கெட் எடுக்கும் அன்று செய்யாமல் சில வாரங்கள் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். கணக்கில் மைல் ஏறியதும் புதிய பெயரைச் சேர்த்து அந்தப் பெயருக்கு உடனே டிக்கெட் எடுப்பது, மேலே சொன்ன சந்தேக வரிசையில் முன்னிற்கும் ஒன்று. முதல் டிக்கெட் உங்களுக்காகவோ நீங்களும் உடன் போகும் பயணத்துக்காகவோ இருப்பது நல்லது.

வங்கியின் விதி தனி. பெரும்பாலான வங்கிகள் கார்டுதாரரின் சொந்த மைல் கணக்குக்கே மாற்ற விடும். அமெரிக்காவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், கூடுதல் கார்டு பெற்று 90 நாளாவது ஆனவரின் கணக்குக்கும் மாற்ற அனுமதிக்கிறது. மனைவி பெயரிலுள்ள மைல் கணக்குக்குக் கணவரின் கார்டிலிருந்து மாற்ற முடியும் என்று ஊகித்துக்கொண்டு திட்டமிட வேண்டாம்.

படி 4: இருக்கையை முதலில் கண்டுபிடியுங்கள்

மைல் இல்லாமலே பெரும்பாலான திட்டங்களில் உள்நுழைந்து அவார்டு இருக்கைகளைத் தேடலாம். நீங்கள் விரும்பும் நாளில் இருக்கை இருப்பதைக் கண்ணால் பார்த்து, தேவையான மைலையும் வரியையும் குறித்துக்கொண்ட பிறகே பாயிண்ட்டை மாற்ற வேண்டும். கூட்டணி நிறுவனத்தின் விமானம் என்றால் இன்னொரு தளத்திலும் பாருங்கள். லுஃப்தான்சா இருக்கை ஒரு தளத்தில் தெரிந்தால் யுனைட்டடிலோ ஏர் கனடாவின் ஏரோப்ளானிலோ அதே இருக்கை தெரிகிறதா என்று ஒப்பிடலாம். ஒன்றில் மட்டும் தெரிவது, பழைய தகவலால் தோன்றும் பொய் இருக்கையாக இருக்க வாய்ப்புண்டு.

புறப்பாட்டுக்குக் குறைந்தது இரண்டு மூன்று வாரமாவது இருக்கட்டும். நாளை மறுநாள் பயணம் என்றால் சோதனையில் நின்றாலே போதும், முடிவு வருவதற்குள் விமானம் போய்விடும்.

படி 5: பாயிண்ட் மாற்றம்

வங்கியின் தளத்தில் உறுப்பினர் எண்ணைத் தட்டச்சு செய்யாமல், விமான நிறுவனத்தின் தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். ஓர் எண் பிசகினால் பாயிண்ட் வேறொருவர் கணக்குக்குப் போகலாம். முதன்முறை மாற்றுபவர் வங்கி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவை முதலில் மாற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம்: இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதும் தெரியும், பெரிய தொகை வருவதற்கு முன் கணக்கில் ஒரு வரவும் பதிவாகியிருக்கும். சிங்கப்பூரில் பல வங்கிகள் தொகை எவ்வளவானாலும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் நிலையான கட்டணம் வசூலிப்பதால் அங்கே இந்தச் சோதனை மாற்றத்துக்குச் செலவு உண்டு. பெரிய தொகை என்றால் அந்தச் செலவைப் பொருட்படுத்த வேண்டாம் என்பேன்.

மாற்றத்தை முடித்ததும் வங்கி தரும் உறுதிப் பக்கத்தைத் தேதி, நேரம், பாயிண்ட் அளவு, பரிவர்த்தனை எண் ஆகியவை தெரியும்படி சேமித்துவையுங்கள். பின்னால் சோதனையில் நின்றால் பாயிண்ட் உங்கள் சொந்தக் கார்டிலிருந்து வந்தது என்பதற்கு இதுவே முதல் ஆதாரம்.

படி 6: டிக்கெட் எடுக்கும் நேரம்

வழக்கமாகப் பயன்படுத்தும் கணினி, வீட்டு இணைய இணைப்பு, விபிஎன் இல்லாத உலாவி என்று எப்போதும்போல் உள்நுழையுங்கள். கடவுச்சொல்லையோ கைபேசி எண்ணையோ அந்த வாரத்தில் மாற்றாதீர்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் ஓடிபி வரும் எண் ரோமிங்கில் இயங்குகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிக்கான பணத்தை, பாயிண்ட் எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அந்தக் கார்டிலேயே கட்டுவது மிக நல்லது. ஆனால் இந்தியக் கார்டுகளில் ஒரு தடை உண்டு. 2020இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதியின்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாக இயங்காது; வங்கிச் செயலியில் நாம்தான் அதை இயக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஒரு கார்டு மறுக்கப்பட்டதும் இரண்டாவது, அதுவும் மறுக்கப்பட்டதும் நண்பருடைய மூன்றாவது என்று முயல்பவர்கள் பலர். திருட்டுக் கார்டு எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவர்களும் இதையேதான் செய்வார்கள். ஒருமுறை மறுக்கப்பட்டால் நிறுத்தி, வங்கிச் செயலியில் காரணத்தைச் சரிசெய்துவிட்டு, அதே கார்டில் மீண்டும் முயலுங்கள்.

படி 7: பிஎன்ஆரை நம்பாதீர்கள், டிக்கெட் எண்ணைப் பாருங்கள்

இந்தக் கட்டத்தில்தான் பலர் நிம்மதியடைந்து கவனத்தை விட்டுவிடுகிறார்கள். எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட பிஎன்ஆர், இருக்கை ஒதுக்கப்பட்டதை மட்டுமே காட்டும். டிக்கெட் வெளியானதற்கு அடையாளம் 13 இலக்க மின்-டிக்கெட் எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் குறிக்கும்: ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, ஏர் பிரான்ஸுக்கு 057, பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 125, ஏஎன்ஏவுக்கு 205. நீங்கள் பறப்பது எந்த நிறுவனத்தின் விமானம் என்பது இதில் கணக்கில்லை. கிரிஸ்ஃப்ளையர் மைலில் லுஃப்தான்சா விமானத்துக்கு எடுத்தால் எண் 618 என்றே தொடங்கும். லுஃப்தான்சாவின் 220 வராது.

மைல் கழிந்துவிட்டது, பிஎன்ஆர் வந்துவிட்டது, ஆனால் டிக்கெட் எண் இல்லை என்றால் சோதனையில் நிற்கிறது என்று கொள்ளலாம். சில மணி நேரம் காத்திருந்து பாருங்கள், மறுநாளும் பாருங்கள். கூட்டணி நிறுவன விமானம் என்றால் அந்த நிறுவனத்துக்கான தனிப் பிஎன்ஆரைக் கேட்டுப் பெற்று, அதன் தளத்திலும் பயணம் உறுதியாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த எண் கைக்கு வரும்வரை விடுதிக்கும் உள்ளூர்ப் பயணத்துக்கும் திரும்பப் பெற முடியாத பணம் கட்ட வேண்டாம்.

படி 8: கணக்கு முடங்கினால்

இன்னொரு கணக்கு திறக்காதீர்கள். ஒருவருக்கு இரண்டு கணக்கு இருப்பது பொதுவாக விதிமீறல் என்பதால், அதுவரை வெறும் சந்தேகமாக இருந்தது குற்றச்சாட்டாகிவிடும். திரும்பத் திரும்ப உள்நுழைய முயலவும் வேண்டாம்.

வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி, முதலில் வருவதை அழைப்பது ஆபத்து. விமான நிறுவனங்களின் பெயரில் போலி எண்கள் ஏராளம். சமூக வலைத்தளத்தில் நீங்கள் புகார் எழுதிய சில நிமிடங்களில் 'உதவுகிறோம்' என்று வரும் போலிக் கணக்குகளும் ஏராளம். நிறுவனத்தின் செயலியிலோ அதிகாரப்பூர்வத் தளத்திலோ உள்ள எண்ணையும் படிவத்தையும் மட்டுமே பயன்படுத்துங்கள். அழைத்ததும் முதலில் கேட்க வேண்டியது புகார் எண். மோசடித் தடுப்புக் குழுவோடு தொலைபேசியில் நேரடியாகப் பேச வாடிக்கையாளர்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்பு தருவதில்லை. ஆகவே எதிர்முனையில் இருப்பவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. என்ன ஆவணம் வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும், இருக்கை அதுவரை பாதுகாக்கப்படுமா என்ற மூன்றையும் தெளிவாகக் கேளுங்கள்.

பாஸ்போர்ட் முகப்புப் பக்கம், பாயிண்ட் மாற்றத்தின் உறுதிப் பக்கம், அது தெரியும் கார்டு அறிக்கை ஆகியவையே வழக்கமாகக் கேட்கப்படுபவை. அறிக்கையில் மற்றச் செலவுகளை மறைத்துவிடலாம். கார்டு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிந்தால் போதும். சிவிவி, ஓடிபி, கடவுச்சொல் ஆகியவற்றைக் கேட்பவர் யாராயினும் அவர் விமான நிறுவனத்தைச் சேர்ந்தவரல்லர். ஆதாரைப் பாஸ்போர்ட் இருக்கும்போது தர வேண்டிய அவசியம் இல்லை. தந்தே ஆக வேண்டுமெனில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட வடிவத்தை, ஆதார் வழங்கும் யுஐடிஏஐ அமைப்பின் தளத்தில் பதிவிறக்கி அனுப்புங்கள். பெயர் வேறுபாடு இருந்தால் கே என்பது தந்தை பெயரான கந்தசாமியின் தலைப்பெழுத்து என்று இரண்டே வரியில் விளக்கிவிடுங்கள். வெளிநாட்டில் அமர்ந்து உங்கள் கோப்பைப் பார்ப்பவருக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பாயிண்ட்டை நீங்கள் மாற்றவேயில்லை, யாரோ மாற்றிவிட்டார்கள் என்றால் நடைமுறை வேறு. உடனே வங்கியை அழைத்துக் கார்டை முடக்கச் சொல்லி, விமான நிறுவனத்துக்கும் எழுதி, இந்தியாவில் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் சிங்கப்பூரில் 1799 என்ற மோசடி உதவி எண்ணிலும் தெரிவியுங்கள்.

மலிவு டிக்கெட் விற்பவர்களைப் பற்றி

டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்பவர்கள் பலரும் பிறருடைய மைலில்தான் எடுத்துத் தருகிறார்கள். மைலை விற்பதை ஏறக்குறைய எல்லாத் திட்டங்களும் தடைசெய்திருக்கின்றன. போகும் பயணம் முடிந்து, திரும்பும் பயணம் ரத்தாகி, குடும்பத்தோடு வெளிநாட்டில் நிற்க நேர்ந்தால் விற்றவர் பொறுப்பேற்க மாட்டார். திருட்டுக் கார்டு விவரங்களால் எடுத்த டிக்கெட்டுகளோடு வருபவர்களைப் பிடிக்க, ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் ஒருங்கிணைத்த விமான நிலையச் சோதனை நாள்களும் நடந்திருக்கின்றன. அதில் பிடிபடுபவர் வாசலில் நிற்கும் பயணிதான். உங்கள் மைலை இப்படி ஒருவருக்கு விற்றாலும் கணக்கு மொத்தமாகப் பறிபோகும்.

படி 9: டிக்கெட் ரத்தாகி மைல் திரும்பினால்

சோதனை முடிந்து கணக்கு திறக்கப்பட்டாலும் பழைய இருக்கை பெரும்பாலும் போயிருக்கும். தவறு தன்னுடையது என்று விமான நிறுவனம் எழுத்தில் ஏற்றுக்கொண்டிருந்தால், அதே இருக்கையையோ அதற்கு ஈடான இன்னொரு விமானத்தையோ திறந்துதரும்படி கேட்கலாம்; கேட்காதவர்களுக்கு இது கிடைப்பதில்லை. பதில் வராவிட்டால் இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) வங்கிகள் போன்ற நிதி நிறுவனங்களின் தவறுகளை மட்டுமே விசாரிப்பார். விமான நிறுவனத்துக்கு எதிராக அங்கே போய்ப் பயனில்லை.

மைல்கள் திரும்ப வந்ததும் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நிற்காமல் அவற்றின் காலாவதித் தேதியையும் பாருங்கள். கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் சேர்ந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை செல்லுபடியாகும். ரத்தாகித் திரும்புபவை வழக்கமாகப் பழைய தேதியோடுதான் வரும் என்பதால், முடக்கம் நீண்டு அதற்குள் காலாவதியானவை இருந்தால் அவற்றை மீட்டுத் தரும்படி அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கட்டிய வரிப்பணம் கார்டுக்குத் திரும்ப வந்துவிட்டதா என்பதை அடுத்த இரண்டு அறிக்கைகளிலும் பார்த்து, வராவிட்டால் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை) கேட்பதற்கு முன் விமான நிறுவனத்துக்கு ஒருமுறை எழுதிக் கேளுங்கள். நேராகச் சார்ஜ்பேக் போட்டால் அதையும் மோசடிக் குறியாக எடுத்துக்கொண்டு, இப்போதுதான் திறந்த கணக்கை மீண்டும் முடக்கிவிடக்கூடும்.